ஐந்து கட்டை

மொத்தக் காய்கறிச் சந்தையில் அவருக்குச் சங்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, தொண்டையைக் கேட்டுச் சந்தை வைத்தது. விடியற்காலையில் தகரக் கூரைக்குக் கீழே நின்று அவர் ஏலம் விட ஆரம்பித்தால், இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்கள் அன்றைய தக்காளி நிலவரத்தைப் படுக்கையிலிருந்தே தெரிந்துகொள்வார்கள். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் தெரிந்துகொள்வார்கள். ஒலிபெருக்கி என்று ஒன்று இருப்பதை அவரும் கேள்விப்பட்டிருந்தார், தொண்டை இல்லாதவனுக்குக் கொடுக்கும் ஊன்றுகோல் என்ற அளவில்.

ஐம்பத்து மூன்று வயதில் அவர் பாட்டு வகுப்பில் சேர்ந்தார். கற்றுக்கொள்ளச் சேர்ந்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். "நீங்க ஏலம் விடறதே பாட்டு மாதிரி இருக்குண்ணே" என்று எவனோ ஒரு வெங்காய வியாபாரி, விலை கொஞ்சம் இறங்காதா என்ற நப்பாசையில் சொல்லிவைத்தான். அதை அவர் சான்றிதழாக எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று போனார்.

வகுப்பு ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. டீச்சருக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. பல் விழுந்த சின்னப் பெண்கள் முதல் ஓய்வுபெற்ற நர்ஸம்மா வரை எல்லா வயதும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தது. முதலில் யாரும் பாடுவதில்லை. ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் விட்டு 'ஊ' என்று மெதுவாகக் குரல் கொடுத்தபடி ஊத வேண்டும். தண்ணீர் புடபுடவென்று குமிழ் விடும். நோகாமல் குரலைச் சூடு பண்ணும் வழியாம். நம்மவர் ஊதி முடித்தபோது தம்ளரில் தண்ணீர் இல்லை. நர்ஸம்மாவின் மடியில் இருந்தது.

"சார், ஊதுங்க போதும். காலி பண்ணாதீங்க" என்றார் டீச்சர்.

டீச்சரிடம் வயதுக்கு ஒரு சட்டம் இருந்தது. பல் விழுந்த கட்சி பள்ளிக்கூட மைதானத்தில் கத்தக் கூடாது. அந்தச் சட்டத்தை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. மீசை அரும்பிக் குரல் உடைகிற பையன்கள் மேல் ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கக் கூடாது. குரல் எங்கே போய் இறங்கி நிற்கிறதோ அதுவரை பொறுத்திருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் தொண்டையைக் கனைக்கவே கூடாது. கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர். நர்ஸம்மாவுக்குக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், அதற்கு மேல் ஒரு வரிகூடக் கிடையாது.

"வயசான குரலும் வயசான முட்டியும் ஒண்ணு. தினம் நடக்கணும். ஓடக் கூடாது" என்றார் டீச்சர்.

"எனக்கு முட்டியும் நல்லா இருக்கு, குரலும் நல்லா இருக்கு. இவர் பக்கத்துல உட்கார்ந்து காதுதான் பாவம்" என்றார் நர்ஸம்மா.

கனைப்புச் சட்டம் சங்குக்கு மிகவும் சிரமமாக இருந்தது. அவர் வீட்டுக்குள் நுழைவது, குளிக்கப் போவது, கருத்து வேறுபடுவது எல்லாமே கனைப்பில்தான் நடந்துகொண்டிருந்தன. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். காரணம் இருந்தது. வருடக் கடைசியில் வகுப்பே மேடை ஏறிச் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடும். அந்தப் பாட்டின் முதல் நான்கு வரி மட்டும் தனிக்குரல். மற்ற எல்லோரும் இருட்டில் நிற்க, ஒரே ஓர் ஆள் மேல் விளக்கு விழும். "சார் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும். ஆரம்பம் சார்தான்" என்று டீச்சர் வாயாலேயே சொல்லியிருந்தார். அன்றே சந்தை முழுக்கத் தகவல் போயிற்று. தகவல் அனுப்பியவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை, இரண்டு தெருவுக்கும் கேட்டது. ஒரு வெள்ளைச் சட்டையும் தைக்கக் கொடுத்தார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நாள் வெந்நீர் ஃபிளாஸ்க்கை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். அதை எடுத்துக்கொண்டு அவர் மனைவி மாடி ஏறி வந்தாள்.

அவள் நகர நூலகத்தில் வேலை பார்ப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். தூரத்து மேசையில் யாராவது சத்தமாகப் பேசினால்கூட இருந்த இடத்திலிருந்து அதட்ட மாட்டாள். எழுந்து, நடந்து, அந்த ஆள் பக்கத்தில் போய்க் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வருவாள். 

அன்றைக்குப் பெண்கள் வரிசையில் இரண்டு பேர் காய்ச்சல். "அம்மா, சும்மா இவங்களோட நின்னு ஒரு 'ஆ' மட்டும் சொல்லுங்களேன்" என்றார் டீச்சர். மனைவி ஃபிளாஸ்க்கைத் தரையில் வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். 'ஆ' என்றாள்.

அந்த 'ஆ' எதிலும் இடிக்கவில்லை. யாரையும் ஒதுங்கச் சொல்லவும் இல்லை. அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் நின்றது. காகிதம் தீர்ந்துபோனதுதான் காரணம். ஆனாலும் சங்குக்கு அது பிடிக்கவில்லை.

"இத்தனை வருஷம் இந்தக் குரலை எங்கம்மா வச்சிருந்தீங்க?" என்றார் டீச்சர்.

மனைவி யோசித்தாள். "லைப்ரரில வேலைங்க. பேச வேண்டி வராது."

"வீட்ல?"

"வீட்ல இவர் இருக்காரே."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

டீச்சர் சுருதிப் பெட்டியைத் திருகிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு அஞ்சு கட்டை. அலட்டிக்காம நிக்குது" என்றார்.

சனியன் பிடித்தது அந்த இடத்தில்தான். கட்டை என்பது ஹார்மோனியத்தில் ஒருவர் குரல் எந்தக் கட்டையில் ஆரம்பித்தால் வசதியோ அதன் எண், அவ்வளவுதான். ஆண் குரல் கீழே ஒன்று, இரண்டில் நிற்கும். பெண் குரல் மேலே ஐந்து, ஆறில் நிற்கும். சங்குக்கு ஒன்றரை. சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒன்றரையோடு அவர் சந்தோஷமாகத்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். ஆனால் வாழ்க்கை முழுவதும் எண்களைக் கூவியே சாப்பிட்டவர் அவர். ஒருவர் ஒன்றரை என்கிறார், இன்னொருவர் ஐந்து என்கிறார். சரக்கு யாருக்குப் போகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"டீச்சர், எனக்கும் ஒரு மூணு, மூணரை பார்த்துப் போடுங்க."

"சார், அது மார்க் இல்ல. செருப்பு சைஸ் மாதிரி. அவங்கவங்க காலுக்கு."

"பெரிய சைஸ்னா பெரிய கால்தானே டீச்சர்?"

டீச்சர் சுருதிப் பெட்டியை மூடிவைத்தார். பதில் இல்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

அன்று வீட்டில் மனைவி கேட்டாள், "ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"யாரு தூக்கி வச்சா? அது இருந்த இடத்துலதான் இருக்கு."

"நான் வேணா வகுப்புக்கு வரல."

"வா, வா. நல்லா வா. அஞ்சு கட்டையாச்சே."

மறுநாளிலிருந்து ஏலம் முடிந்ததும் அவர் சந்தையின் குளிர்கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கேரட் மூட்டைகளுக்கு நடுவே நின்று ஐந்து கட்டையில் சாதகம் பண்ணினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது, கேரட் மட்டும் அமைதியாக இருந்தது. சந்தையில் அவருக்குக் கையாளாக இருந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, யாரையாவது உள்ள வச்சுப் பூட்டிட்டாங்களோன்னு ஓடி வந்தேன்."

"சாதகம்டா."

"யாருக்குச் சாதகம்?"

பத்துப் பதினைந்து நாளில் விடை கிடைத்தது. பீன்ஸ் ஏலம் சூடு பிடித்திருந்த நேரம். "ரெண்டு த..." என்று வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது, கை உயர்ந்திருந்தது, காற்று வந்தது. சத்தம் வரவில்லை. சந்தை அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் கேட்டதில்லை. "சங்குக்கே சங்கு ஊதியாச்சுடா" என்றான் ஒருவன். மச்சினன் எங்கிருந்தோ ஓர் ஒலிபெருக்கியை எடுத்தான். அதை எவ்வளவு நாளாக எங்கே ஒளித்துவைத்திருந்தானோ, பேட்டரி வரைக்கும் தயாராக இருந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, அவர் தொண்டையை அவருக்கே டிவியில் காட்டினார். "குரல் நாண் ரெண்டுலயும் காய்ப்பு. மண்வெட்டி பிடிக்கற கையில வருமே, அதுதான். மூணு வாரத்துக்குப் பேச்சே கூடாது."

அவர் கையைக் குவித்து வாயருகே வைத்து, குசுகுசுவென்று பேசலாமா என்று சைகையில் கேட்டார்.

"அது இன்னும் மோசம். கத்தறது, கனைக்கறது, குசுகுசுக்கறது, மூணும் ஒரே குடும்பம். தண்ணி குடிங்க, ஆவி பிடிங்க, தூங்குங்க. இந்த வயசுல தொண்டைத் தசை இளைக்க ஆரம்பிக்கும். வாலிபத்துல அடிச்ச அடிக்கெல்லாம் இப்பத்தான் அது பதில் சொல்லும்." பிறகு கூட வந்திருந்த மனைவி பக்கம் திரும்பினார். "நீங்களும் ஜாக்கிரதைம்மா. காது கேக்காதவங்களோட குடியிருக்கறவங்களுக்கு இந்தக் காய்ப்பு சீக்கிரம் வரும். நாள் பூரா கத்தியே பேசணும் பாருங்க. நல்ல வேளை, சாருக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

பொதுவாகச் சொன்னதுதான். சங்கு அதைப் பத்திரமாக உள்ளே எடுத்துவைத்துக்கொண்டார்.

டீச்சர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். "சாருக்குக் குரல் திரும்பற வரைக்கும் அந்த நாலு வரியை அம்மா பாடிப் பழகட்டும். தற்காலிகமாத்தான் சார், வருத்தப்படாதீங்க" என்றார். வருத்தமில்லை என்று கையை ஆட்டினார். அவர் கை அதுவரை அவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை, சொல்லவும் கூடாது. மனைவி காலையில் எழுந்து ஸ்ட்ராவில் புடபுடவென்று ஊதினாள். தம்ளரை விட்டு ஒரு சொட்டு வெளியே வரவில்லை. குளிர்ந்த தண்ணீரை எடுத்துக் கடகடவென்று குடித்துவிட்டுப் பாடினாள், ஒன்றும் ஆகவில்லை. அவர் ஆவி பிடித்து, துண்டு சுற்றி, வெதுவெதுப்பாகவே குடித்துக் கிடந்தார். காய்ப்பு அப்படியே இருந்தது. இதைவிடக் கொடுமை, அவள் பேச ஆரம்பித்திருந்தாள். பால்காரரிடம் பேசினாள், தொலைபேசியில் பேசினாள், பாத்திரத்திடம் பேசினாள். முப்பது வருடமாக அவள் இடையில் புக முடியாமல் போன வாக்கியங்களெல்லாம் இப்போது வரிசையில் நின்று வந்துகொண்டிருந்தன. நான்கு வரியையும் பாடிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அவர் கையைக் குப்புறவும் மல்லாக்கவும் திருப்பி, பரவாயில்லை ரகம் என்று காட்டுவார். மூன்றாவது வரியில் ஒரு வளைவு உண்டு. அதில் அவர் மூச்சு வாங்கித்தான் ஏறுவார். அவள் மூச்சே வாங்காமல் ஏறி, மேலே நின்று ஊரை வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

ஆகவே அவருக்குக் காது கேட்காமல் போயிற்று.

திட்டம் எளிமையானது. வாய் இல்லை; காதையும் மூடிக்கொண்டால் அவள் கத்தியாக வேண்டும். அவர் தொண்டையைக் காய்க்கவைத்த கத்தல் அவள் தொண்டையையும் காய்க்கவைக்கும். அவர் தன் மேல் சத்தியமாக அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஐந்து கட்டை ஒரு மூன்றுக்கு இறங்கினால் போதும் என்றுதான் நினைத்தார்.

முதல் நாள் அவள் சமையலறையிலிருந்து, "என்னங்க, சாப்பிட வாங்க" என்றாள். அவர் செய்தித்தாளைத் திருப்பினார். "என்னங்க, சாப்பாடு ஆறுது." அதே சத்தம், அதே நிதானம். அவர் அசையவில்லை. அடுத்தது கத்தல்தான் என்று ஏலக்காரரின் அனுபவத்தோடு காத்திருந்தார்.

கத்தல் வரவில்லை. அவள்தான் வந்தாள். எழுந்து, நடந்து, பக்கத்தில் வந்து குனிந்து, காதோரமாக, "சாப்பிட வாங்க" என்றாள்.

அவருக்குக் காது மடல் சூடாயிற்று. அவள் அவ்வளவு பக்கத்தில் வந்து பேசி எத்தனையோ வருடமாகியிருந்தது. தேவைப்படவில்லை, அவர்தான் பேசிக்கொண்டிருந்தாரே. அந்தச் சூட்டிலும் பொறாமை விடவில்லை. அத்தனை பக்கத்தில் கேட்டும் அந்தக் குரலில் ஒரு பிசிறு, ஒரு கீறல் அவர் காதில் அகப்படவில்லை. பெட்டியிலிருந்து பிரிக்காத சாமான் மாதிரி இருந்தது.

தூரத்தைக் கூட்டிப் பார்த்தார். நாற்காலியை வராந்தாவுக்கு நகர்த்தினார். அங்கேயும் வந்து குனிந்தாள். மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தார். படியேறி வந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை முறையோ ஏறி இறங்கினாள்: டீ, மாத்திரை, தபால், மழை வருகிற செய்தி. ஒரு வாரம் கழித்து டீச்சர் தொலைபேசியில் சொல்வது பக்கத்திலிருந்த அவருக்கும் கேட்டது: "அம்மா, மூச்சு எப்படி இவ்வளவு நீண்டுச்சு? ஏதாவது பயிற்சி பண்றீங்களா?"

"மாடி ஏறி இறங்கறேன் டீச்சர்" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு அவர் கூடத்துக்கே திரும்பி வந்துவிட்டார்.

மச்சினன் பார்க்க வந்தான். "என்னக்கா, மாமாவுக்குக் காதும் போயிருச்சாமே. வாயும் இல்ல, காதும் இல்ல. மூக்காவது வேலை செய்யுதா?" என்றான். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று, "பீன்ஸ் நல்ல விலைக்குப் போச்சு மாமா" என்று சந்தைக் குரலில் விட்டான். உள்ளுக்குள் ஒரு முழம் எகிறிக் குதித்தும் வெளியே அவர் இமைக்கவில்லை. கேட்கவில்லை என்று உறுதியானதும் அவன் அக்காவிடம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னான்:

"உண்மையைச் சொல்லட்டுமா? மாமா வராததுல சந்தையே நிம்மதியா இருக்கு. ஒலிபெருக்கில மெதுவாச் சொன்னாலே எல்லாருக்கும் புரியுது. இத்தனை நாள் எதுக்குக் கத்தினாருன்னே தெரியல."

"அப்படிச் சொல்லாதடா" என்றாள் அக்கா.

"அவருக்குத்தான் கேக்கலையே."

செவிடனாக இருப்பதில் இவ்வளவு கேட்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் முடிய ஒரு நாள் இருந்தது. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டுப் பேசலாம் என்பார். தண்ணீரும் ஆவியும் வேலை செய்திருந்தன, விழுங்கும்போது இருந்த உறுத்தல் போயே போய்விட்டது. மேடைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் விளக்கு யார் மேல் விழ வேண்டும் என்பதை அன்று மாலைக்குள் அரங்கத்துக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். "வீட்லயே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா" என்று பொறுப்பை இங்கே தள்ளிவிட்டிருந்தார்.

அவர் கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை தைத்து வந்து ஆணியில் தொங்கியது. மனைவி சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் நின்றது. அவள் அங்கே நின்றபடியே, திரும்பாமல், எப்போதும் பேசுகிற குரலில் பேசினாள்.

"எனக்கு ஆசை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆசையாத்தான் இருக்கு. அந்த மூணாவது வரி வரும்போது வேற யாரோ பாடற மாதிரி இருக்கு எனக்கு." ஒரு தம்ளரைக் கவிழ்த்துவைத்தாள். "இருந்தாலும் நீங்க ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டீங்க. சட்டை வேற தெச்சாச்சு. நாளைக்குக் குரல் வந்துடும். உங்களுக்கு வேணும்னா நான் பின்வரிசைக்குப் போயிடறேன். ஒண்ணும் மனசுல வச்சுக்க மாட்டேன். வேணும்னா ஒரு தடவை தலையை ஆட்டுங்க, போதும்."

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. தம்ளரிலிருந்து நீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

ஒரு தலையாட்டல்தான். வாய் திறக்க வேண்டாம், டாக்டர் சொன்னதை மீற வேண்டாம். விளக்கு, நான்கு வரி, சந்தைக்காரர்கள் உட்காரும் வரிசை, எல்லாம் ஒரு தலையாட்டல் தூரத்தில் இருந்தன. ஆனால் தலையை ஆட்டினால் காது கேட்டதாக ஆகிவிடும். கேட்டதென்றால், இத்தனை நாளும் கேட்டிருக்கிறது. அப்புறம் அவள் படியேறியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். சத்தம் போடாமல், நிதானமாக, ஏன் இப்படிப் பண்ணினீர்கள் என்று கேட்பாள். நாளையிலிருந்து அவருக்குக் குரலும் இருக்கும்; பதில் சொல்லாமல் தப்ப முடியாது. அந்தப் பதிலுக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதை எந்தக் கட்டையிலும் சொல்ல முடியாது.

அவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் பழைய மேசை நாற்காலி விற்பதாக விளம்பரம். அதை முழுவதுமாகப் படித்தார். கழுத்து வலித்தது.

அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவர் பார்க்கவில்லை. பார்த்தால் நிமிர வேண்டும்.

"சரி" என்றாள்.

தொலைபேசியை எடுத்தாள். "டீச்சர், நான்தான். நானே பாடறேன். கேட்டேன் டீச்சர், அவர்கிட்ட கேட்டுட்டேன்... இல்ல, வேண்டாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. ஆமாம். நாளைக்கு வந்துடறேன்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் குனிந்தாள். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். நூலகத்து முகம், ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்குத் தொண்டை காட்டப் போறப்ப, அப்படியே காதையும் காட்டிடலாம்" என்று காதோரமாகச் சொன்னாள்.

அவர் தலையை ஆட்டினார். இரண்டு முறை ஆட்டினார். கழுத்தில் ஒரு வலியும் இல்லை.